பல் கூசும் நிறம்

"அப்பாவுக்குக் கண்ணுக் கட்டு அவுத்துட்டாங்க. எல்லாக் கலரும் தெரியுதாம்!"

பெண்டாட்டி போனில் இப்படிச் சொன்னபோது நம் மாப்பிள்ளை பட்டப்பகலில், கடையின் நட்டநடுவில், ஒரு புது மெத்தையின் மேல் மல்லாந்து படுத்திருந்தார். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது, உத்தியோகமே அதுதான். மெத்தைக் கடையில் விற்பனையாளர். எந்த மெத்தையில் படுத்தாலும் சொர்க்கத்தில் பாதி தூரம் போய்விட்டு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். ஆணிப் பலகையைக் கொடுத்தால்கூட, "முதுகுக்கு நல்லதுங்க, ரத்த ஓட்டம் பிச்சுக்கும்" என்று விற்றுவிடுவார்.

அப்படிப்பட்டவர் தேள் கொட்டியது போல் எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாக் கலருமா?"

"ஆமாங்க! டாக்டரம்மா பேனாவப் பாத்து, 'நீலம்னா இவ்ளோ நீலமாவா இருக்கும்'னு கேக்குறாரு. வழியில போற பஸ்ஸையெல்லாம் எண்ணிக் கலர் சொல்லிக்கிட்டே வர்றாரு."

"வர்றாரா? கிளம்பியாச்சா? இன்னும் ரெண்டு நாள் வச்சுக்கச் சொல்லலாம்ல?"

"என்னங்க மனுஷன் நீங்க, சந்தோஷப்படுவீங்கன்னு பாத்தா..."

"சந்தோஷம்தான். ஹாலை நெனச்சேன்."

மறுமுனையில் "ஐயையோ" என்று சின்னதாக ஒரு குரல் கேட்டது.

மெத்தை வாங்க வந்திருந்தவர் தன் மனைவியின் காதில், "இது வேணாம்டி. பழக்கப்பட்ட ஆளே இப்படித் துள்ளி எந்திரிக்கிறாரு" என்று கிசுகிசுத்தார்.

அந்த ஹாலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தெருவில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. கூரியர்க்காரர்களுக்கு அந்த வீட்டுக் கதவு எண் தேவையில்லை. "கதவு தெறந்திருந்தா கண்ணு கூசும் பாருங்க, அந்த வீடு" என்றால் போதும். ஊதா நிறம்தான். ஆனால் ஊதா என்று சொன்னால் ஊதா கோபித்துக்கொள்ளும். இருமல் மருந்தைச் சட்டியில் சுண்டக் காய்ச்சி, கொஞ்சம் ஆத்திரத்தையும் சேர்த்துச் சுவரில் விசிறி அடித்தால் எப்படியோ, அப்படி. சாயங்காலம் விளக்கைப் போட்டால் உள்ளே இருக்கிற எல்லார் முகமும் மாரடைப்புக்கு ஒரு நிமிஷம் முன்னால் இருப்பது போலவே தெரியும். ஒருமுறை அடுப்பு பழுது பார்க்க வந்தவர் மாமியாரின் உதட்டைப் பார்த்து மிரண்டு, "அம்மா, உங்களுக்கு மூச்சு ஒழுங்கா வருதா?" என்று கேட்டுவிட்டார்.

இந்த ஹால் மாப்பிள்ளையின் தலையில் வந்து விடிந்தது எப்படி?

மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்ப் பொய்த் தராசு பிடித்தவர். சொந்தத் தம்பி கடையிலேயே எடைக்கல்லின் அடியைச் சுரண்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சீல் வைத்துவிட்டு, அன்றைக்கே தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர். பொய் என்றால் அவருக்கு உடம்பு ஆகாது. யாராவது தன் வயசைச் சொன்னால்கூட மனசுக்குள் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

மகளுக்குக் கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தார். கலர் அட்டையைப் புரட்டி, மழைக்கு முந்தைய வானம் போல் ஒரு சாம்பல் நிறத்தை எடுத்துப் பெயிண்டரிடம் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு வெளியூர் போனார். திரும்பி வந்து கதவைத் திறந்தால், ஊதா.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொள்ளப் போய், அந்தச் சுவரா என்று கையை இழுத்துக்கொண்டார். மாமனார் மட்டும் இடுப்பில் கை வைத்து நாலு பக்கமும் பார்த்து, "அடடா! என்ன ஒரு சாந்தமான சாம்பல்! நான் எடுத்தது இதேதான்!" என்றார்.

அவர் கண்ணில் அப்போதே புரை விழுந்திருந்தது. மஞ்சள் கண்ணாடி வழியே உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால் டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. இவர் ஆசைப்பட்டு எடுத்த நிறம் இதுதான் போலிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

புது மாப்பிள்ளை ஓரடி முன்னால் வந்தார்.

"மாமா, இப்படி ஒரு சாம்பலை என் ஆயுசுல பாத்ததில்ல!"

இதில் பொய் ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மெத்தை விற்ற நாக்கு நிற்குமா?

"சுவரா மாமா இது? மேகம்! அப்படியே சாஞ்சு தூங்கிரலாம் போல இருக்கு. இதுக்கு மேல ஒரு தூசி படக் கூடாது. யாராவது இது மேல பிரஷ்ஷ வச்சா நானே கையப் புடிச்சுருவேன்!"

அந்த நேரத்தில் பெயிண்டரும் ஏணியைத் தோளில் சுமந்தபடி வாசலில் நின்றிருந்தார். முழுவதும் கேட்டார். தலையைச் சொறிந்தார். ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். தன் கைவேலைக்கு இப்படி ஒரு பாராட்டை அவர் கேட்டிருக்கவே மாட்டார், பாவம், நெகிழ்ந்து போயிருப்பார் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

மாமனாரும் நெகிழ்ந்துதான் போனார். "ரசனையும் இருக்கு, உண்மையும் பேசுறீங்க. வேற வீடு எதுக்கு? மாடிய நீங்களே வச்சுக்கங்க மாப்பிள்ளை" என்றார்.

மாடியில் தனி அறை, காற்று, மொட்டை மாடி, கீழே மாமியார் சமையல். மாப்பிள்ளை குடியேறியபோது அங்கே ஒரு மூலையில் இரண்டு கனத்த பெயிண்ட் டப்பாக்கள் கிடந்தன. மிச்ச ஊதா! அவற்றைத் திறந்து பார்க்கிற தைரியம் யாருக்கு வரும்? கடையில் இலவசமாகக் கொடுக்கிற குட்டி மெத்தைகளை மேலே போட்டு, இரண்டையும் முக்காலியாக்கிக்கொண்டார்கள். காலையில் அவர் ஒன்றிலும் பெண்டாட்டி ஒன்றிலும் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். ஹாலில் உட்கார்ந்தால் மாமனாருக்குப் பல் கூசும்.

சமையலறையில் கூசாது. கொல்லைப்பக்கம் கூசாது. ஹாலில் நாற்காலியில் சாய்ந்து பேப்பரைப் பிரித்தால் போதும், கடைவாயில் ஐஸ் வைத்த மாதிரி ஒரு கூச்சம். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, ஒண்ணுமே இல்ல சார்" என்றார். "எனக்குத் தெரியாதா? புடுங்குங்க" என்று வற்புறுத்தி ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் ஹாலில் உட்கார்ந்தால் பக்கத்துப் பல் கூசியது.

கண் டாக்டரம்மாவிடமும் இதே பிடிவாதம். "உங்களுக்கு நீலம், ஊதா வகையெல்லாம் கண்ணுக்குள்ள வர்றதே இல்ல சார்" என்று அவர் சொன்னதற்கு மாமனார் சிரித்தாராம்.

"வரலைன்னா வரலைன்னு எனக்குத் தெரியாதா? தராசுல ஒரு கடுகு கொறைஞ்சா கண்டுபுடிச்ச ஆளும்மா நான். உலகத்துல ஒரு கலரே கொறைஞ்சா தெரியாம போயிருமா?"

அந்த மனிதர்தான் இப்போது ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்து, புதுக் கண்ணோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பறந்து வந்தார். ஹாலில் ஜன்னலை எல்லாம் சாத்தினார். திரையை இழுத்துவிட்டார். விளக்கை அணைத்தார். கடைசி ஜன்னலைச் சாத்தும்போது வாசலில் கார் வந்து நின்றது.

மாமனார் உள்ளே வந்த வேகத்தில் முட்டியை நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

"என்னது, இருட்டா கெடக்கு?"

"கண்ணுக்கு நல்லதுன்னுதான் மாமா..."

"கண்ணத் தெறக்கத்தானே ஆபரேஷன் பண்ணிட்டு வந்திருக்கேன்? அப்புறம் இருட்டுல எதைப் பாக்குறது?"

அவரே விளக்கைப் போட்டார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தால், மாமனார் மூக்கின் மேல் டாக்டரம்மா கொடுத்தனுப்பிய கறுப்புக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே பார்த்தால் எந்த வீடும் சாம்பல்தான்.

"மாமா, அந்தக் கண்ணாடிய மட்டும் கழட்டிராதீங்க. உங்களுக்கு எடுப்பா இருக்கு."

"வெயிலுக்குத்தான் போடச் சொன்னாங்க."

"நம்ம வீட்டு லைட்டும் சுள்ளுனுதான் மாமா அடிக்குது."

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பரைப் பிரித்தார். கடைவாயைப் பிடித்துக்கொண்டார். "ஸ்ஸ்... வந்துருச்சுப்பா, கூச்சம்" என்றபடி கன்னத்தைத் தேய்த்ததில் கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது.

தலை நிமிர்ந்தார்.

நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மாப்பிள்ளை."

"மாமா."

"இது என்னது?"

"எது மாமா?"

"நாலு பக்கமும் நிக்குதே, இது."

"சுவரு மாமா."

"என்ன கலரு?"

உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். "ஊதா மாமா, மன்னிச்சுக்கங்க" என்று காலில் விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மாப்பிள்ளைக்கோ மொட்டை மாடியும் காற்றும் காபியும் கண் முன்னால் வந்து நின்றன.

"அதே சாம்பல்தான் மாமா. புதுக் கண்ணு புதுச் செருப்பு மாதிரி. கொஞ்ச நாள் கடிக்கத்தான் செய்யும்."

மாமனார் கோபப்படவில்லை. அதுதான் மோசம். ஆய்வாளர் எழுந்துவிட்டார். புதுக் கண்ணைக் கையால் பொத்திச் சுவரைப் பார்த்தார். பிறகு பழைய கண்ணைப் பொத்திப் பார்த்தார். மறுபடி அது, மறுபடி இது. தராசுத் தட்டு மேலும் கீழும் போவது போல் கை இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கின.

"பழசு சாம்பல்னு சொல்லுது. புதுசு என்ன சொல்லுதுன்னே எனக்குப் புரியல. ஊதாவுக்குக் கிறுக்குப் புடிச்சா இப்படித்தான் இருக்கும். ரெண்டு தராசு ரெண்டு எடை காட்டுனா ஒண்ணு பொய்த் தராசு. கண்டுபுடிக்கணும்னா முத்திரை போட்ட எடைக்கல்லு ஒண்ணு வேணும்." திரும்பினார். "நீங்கதான் மாப்பிள்ளை எனக்கு முத்திரை போட்ட எடைக்கல்லு. நல்லா பாத்துச் சொல்லுங்க. இது என்ன கலரு?"

"சாம்பல்" என்றார் எடைக்கல். குரல் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.

"அடியே! நீ சொல்லு!"

மாமியார் சமையலறையிலிருந்து வெளியே வராமலேயே பதில் சொன்னார். "நீங்க எதைச் சொல்றீங்களோ அதான்."

இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் அந்தம்மாவைக் காப்பாற்றி வந்த ஒரே வாக்கியம் அது.

"அப்ப முடிவாயிருச்சு" என்றார் மாமனார். "புதுக் கண்ணுதான் பொய்த் தராசு. அந்தம்மா எவன் கண்ணுக்கோ செஞ்சு வச்ச லென்ஸ எனக்கு மாட்டி விட்டுட்டாங்க. நாளைக்கே போய்க் கேக்குறேன். மத்தக் கண்ணை அவங்க தொடவே கூடாது!"

மாடிக்கு வந்ததும் பெண்டாட்டி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா? மத்தக் கண்ணுல புரை முத்திப் போயிருக்கு, விட்டா மொத்தமா மறைச்சிரும்னு டாக்டரம்மா தலபாடா அடிச்சுக்கிட்டாங்க. இப்ப வேணவே வேணாங்குறாரு. உங்க வாயால எங்கப்பா கண்ணு போகப்போகுது!"

மாப்பிள்ளை டப்பாவின் மேல் இடிந்து உட்கார்ந்தார். மெத்தை விற்கிறவர்தான், ஆனால் மாமனார் மேல் நிஜமாகவே பிரியம் உள்ளவர். தூக்கிவாரிப் போட்டது.

"உண்மையச் சொல்லிரட்டுமா?"

"சொல்லுங்க. சொல்லிட்டுக் கட்டிலத் தூக்கிக்கிட்டுக் கிளம்பவேண்டியதுதான். சொந்தத் தம்பிக்கே சீல் வச்சவரு."

"நீயும் வருவேல்ல?"

"நான் எதுக்கு வரணும்? இது எங்கப்பா வீடு."

மாப்பிள்ளை யோசித்தார். கண்ணை மாற்ற முடியாது. வாயை மாற்றிக்கொள்ள முடியாது. மிச்சம் இருப்பது சுவர்.

"சுவரை நெஜமாவே சாம்பலாக்கிட்டா? புதுக் கண்ணு சாம்பல்னு பாக்கும். கண்ணு நல்ல கண்ணுன்னு ஆயிரும். மத்தக் கண்ணுக்கும் சரின்னுருவாரு. யாருக்கும் சேதாரம் இல்ல!"

"பெயிண்டு?"

"வாங்கணும். இங்கயும் ரெண்டு டப்பா கெடக்கு, என்ன பிரயோஜனம்? அத்தனையும் அந்தச் சனியன் புடிச்ச ஊதா!" என்று உட்கார்ந்திருந்த டப்பாவைக் குதிகாலால் ஓர் உதை விட்டார்.

மறுநாள் காலையில் மகள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கார் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, மாப்பிள்ளை கடையில் மெத்தை தூக்குகிற இரண்டு தடியர்களோடும் ஒரு டப்பா சாம்பல் பெயிண்டோடும் உள்ளே நுழைந்தார். பெயிண்டரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கூப்பிட்டால் எதற்கு ஏன் என்று கேட்பார், தெருவுக்குத் தெரியும் என்று பயம். தெரு அப்போதே மாடியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

மெத்தை தூக்குகிறவர்கள் பெயிண்ட் அடித்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? ரோலரை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, "ஏத்து... ஏத்து... கொஞ்சம் உன் பக்கம்... இறக்கு!" என்று மாடிப்படியில் இரட்டைக் கட்டில் ஏற்றுவது போலவே அடித்தார்கள்.

"அண்ணே, இந்த ஊதா மறைய மாட்டேங்குது. உள்ள இருந்து முறைக்குது."

"அழுத்தி அடிப்பா!"

"அழுத்துனா சுவரு அந்தப் பக்கம் போயிரும்ணே."

மாமியார் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை இது?"

"எல்லாம் மாமா கண்ணுக்காகத்தான் அத்தை."

"கண்ணுல அடிக்கவேண்டிய மருந்த சுவத்துல அடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சமையலறைக்குள் போய்விட்டார்.

மதியம் போன் வந்தது. "டாக்டரம்மா எல்லா டெஸ்ட்டும் பண்ணிட்டாங்க. கண்ணு பிரமாதமா இருக்காம். 'உங்க வீட்டுச் சுவர யாராவது நல்ல கண்ணு உள்ளவங்களை விட்டுப் பாக்கச் சொல்லுங்க'ன்னுட்டாங்க. அப்பா ஒரு வார்த்தை பேசாம வர்றாரு. முடிச்சிட்டீங்களா?"

"கடைசிச் சுவரு!"

கடைசிச் சுவரும் ஒருவழியாய் முடிந்தது. தடியர்கள் கொல்லைப்புறமாக ஓடினார்கள். வாசனை தெரியாமல் இருக்க மாப்பிள்ளை தரை முழுக்கப் பினாயிலை ஊற்றித் தேய்த்தார். அந்த நெடியில் மாமியார் தும்முகிற சத்தமும், வாசலில் கார் நிற்கிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

மாமனார் உள்ளே வந்து மூச்சை இழுத்தார். "என்ன, ஆஸ்பத்திரியில இருந்து கிளம்பி ஆஸ்பத்திரிக்கே வந்துட்டமா?"

"சுத்தம் மாமா. கண்ணுக்கு ரொம்ப முக்கியம்."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பழைய கண்ணைப் பொத்திக்கொண்டு, புதுக் கண்ணால் பார்த்தார்.

"சாம்பல்" என்றார், ஆச்சரியமாக.

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா! நான்தான் சொன்னேனே, புதுச் செருப்பு! ஒரே நாள்ல பழகிருச்சு! இனி மத்தக் கண்ணையும் தைரியமா..."

மாமனார் கையை மாற்றினார். புதுக் கண்ணைப் பொத்திக்கொண்டு, பழைய கண்ணால் பார்த்தார்.

"கோணிப்பை" என்றார்.

"என்ன மாமா?"

"நேத்து வரைக்கும் சாம்பல்னு சொன்ன கண்ணு, இன்னிக்குக் கோணிப்பைக் கலருன்னு சொல்லுது."

இது மாப்பிள்ளையின் கணக்கில் வரவே இல்லை. மஞ்சள் கண்ணாடி வழியே ஊதாவைப் பார்த்தால் சாம்பல் என்றால், சாம்பலைப் பார்த்தால் என்ன ஆகும் என்று எந்த மெத்தைக் கடையில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

"அது... அதுக்கும் பொறாமை மாமா. புதுசு வந்ததும் பழசு..."

"இருங்க." மாமனார் ஒரு விரலைத் தூக்கினார். "நேத்து பழசு சாம்பல், புதுசு ஊதா. இன்னிக்குப் புதுசு சாம்பல், பழசு கோணி. ஒரு தராசு கெட்டுப்போகலாம். ரெண்டு தராசும் ஒரே நாள்ல, சொல்லி வச்ச மாதிரி மாறுமா? நான் பாத்ததில்ல. அப்படி மாறுனா என்ன அர்த்தம் தெரியுமா மாப்பிள்ளை?"

"என்ன மாமா?"

"தராசுல கோளாறு இல்ல. சரக்கு மாறியிருக்கு."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வாயை லேசாகத் திறந்தார். மூடினார். நாக்கை ஒவ்வொரு பல்லாக ஓட்டிப் பார்த்தார். வீடே அந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"கூசல" என்றார். "இந்த ஹாலுக்கு வெள்ளையடிச்ச நாள்ல இருந்து கூசுன பல்லு, இன்னிக்குக் கூசல. என் கண்ணுக்குத்தான் அந்தக் கலரு தெரியல. பல்லுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு!"

எழுந்து போனார். உள்ளங்கையைச் சுவரில் ஒரு பதி பதித்தார். திரும்பிக் கையைக் காட்டினார். ஈரச் சாம்பல் பிசுபிசுத்தது; கை எடுத்த இடத்தில் சுவரில் ஊதா முறைத்தது.

மாமனாருக்கு ஒரு குணம். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறிக்கொண்டே போகும்.

"தாங்கள் தயவுசெய்து," என்றார் நிதானமாக, "மாடியைக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

"அப்பா..." என்றாள் மகள்.

"நீங்க பேசாதீங்க அம்மா." மகளுக்கும் மரியாதை வந்துவிட்டது. "டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு மத்தக் கண்ணுக்கும் நாள் கேளுங்க. இந்த வீட்டுல பொய் சொல்லாம இருந்தது இந்தப் புதுக் கண்ணும் என் பல்லும்தான். அதுலயும் ஒரு பல்ல அநியாயமாப் புடுங்கிட்டேன்."

கண் பிழைத்தது. மாடி போயிற்று. மாப்பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே போய்ச் சாமான்களை இறக்க ஆரம்பித்தார். பெட்டி, தலையணைகள், கட்டில் கால்கள். கடைசியாக இரண்டு டப்பாக்கள். ஊதாவோ என்னவோ, இத்தனை நாள் உட்கார்ந்த இடம். விட்டுப் போக மனசு வரவில்லை. எல்லாவற்றையும் ஹாலில் குவித்து, ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்தார். நிமிர்ந்தால் பெண்டாட்டியும் ஒரு பையோடு இறங்கி வந்து மற்ற டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வரலைன்னியே?"

"காபி வேற யாரு போட்டுத் தருவா உங்களுக்கு?" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மாப்பிள்ளை அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் தெம்பில் கொஞ்சம் வாய் வந்தது.

"மாமா, நான் செஞ்சது தப்புதான். ஆனா ஒண்ணு கேக்குறேன். நீங்க ஆசை ஆசையா எடுத்த கலரு. அதைப் போய் எந்த வாயால நல்லா இல்லைன்னு சொல்றது?"

"நான் எடுத்தேனா? நான் எடுத்தது சாம்பல்! அட்டையில கலருக்குக் கீழ பேரே போட்டிருந்துச்சு. கண்ணுல புரை விழுந்தா எழுத்துமா மாறும்?"

"அப்ப ஊதா யாரு எடுத்தது?"

"நான் நீங்க எடுத்ததுன்னுல்ல நெனச்சேன்?" மாமியார் முதல்முறையாக ஹாலின் நடுவுக்கே வந்துவிட்டார். "இந்த ஹாலைக் கண்டாலே எனக்குத் தலை சுத்தும். அதனாலதான் நான் சமையக்கட்ட விட்டு வெளிய வர்றதே இல்ல!"

"நானும் அப்பா எடுத்ததுன்னுதான் நெனச்சேன்" என்றாள் மகள்.

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளாக யாருக்காக யார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது யாருக்கும் விளங்கவில்லை.

"கூப்பிடுங்க அந்தப் பெயிண்டர!" என்று உறுமினார் மாமனார். "அவருதான் பொய்த் தராசு. சாம்பலுக்குப் பதிலா வேற சரக்க அடிச்சு ஏமாத்தியிருக்காரு!"

பெயிண்டர் அடுத்த தெரு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தவர், சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மாமனாரின் கையைப் பார்த்தார். பிறகு டப்பாக்களின் மேல் உட்கார்ந்திருந்த தம்பதியைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"சொல்லுங்க," என்றார் மாமனார், பல்லைக் கடித்துக்கொண்டு. "தாங்கள் எங்க வீட்டுக்கு அடிச்ச அந்த ஊதாவ எந்த அட்டையில பாத்தீங்க?"

"ஊதாவாங்க?" பெயிண்டர் அன்றைக்கு வாசலில் நின்றது போலவே தலையைச் சொறிந்தார். "அது அங்கங்க மீந்தத எல்லாம் ஒண்ணாக் கலக்கி அடிச்ச அடிக்கோட்டுங்க, மேல் கோட்டு அடிக்கலாம்னு ஏணியோட வந்தா, மாப்பிள்ளை ஹால்ல நின்னு 'இதுக்கு மேல பிரஷ்ஷ வச்சா கையப் புடிச்சுருவேன்'னு மிரட்டுனாரு, சரி, புடிச்சிருக்கு போலன்னு போயிட்டேன், நீங்க எடுத்த சாம்பல், அதோ, அவங்க ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணா உக்காந்திருக்காங்களே, அந்த டப்பாவுலதான் இருக்கு."